ஆறாம் மாதமா, ஒன்பதாம் மாதமா? ஒரே வீட்டில் இரண்டு முழங்கால்கள்

2023 ஆகஸ்ட் 19. கார்டிஃபில் வேல்ஸ் அணியோடு ஆட்டம். ஏப்ரல் 22 அன்று நம் டர்பன் கிங்ஸ் பார்க்கில் முழங்காலில் அடிபட்ட சியா கொலிசி, நான்கு மாதம் நிறைவதற்குள் ஸ்பிரிங்பாக் என்னும் நம் தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் தலைவராக மறுபடியும் களத்தில் நின்றார். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கா மகன் துள்ளி எழுந்தான். "சின்னம்மா, அவருக்கே நான்கு மாதம் போதும் என்றால் எனக்கு ஆறு மாதம் போதாதா?"

கால்பந்து ஆடும் அவனுக்கு அந்தப் பிப்ரவரியில் ஏ.சி.எல். அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஏ.சி.எல். என்பது முழங்காலுக்குள் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் தசைநார். கூடைப்பந்து போன்ற நெட்பால் ஆடும் என் மகளுக்கு மே மாதத்தில் அதே சிகிச்சை. கேப் டவுனில் நடந்த நெட்பால் உலகக் கோப்பையை அவள் தலையணை மேல் காலை நீட்டிக்கொண்டுதான் பார்த்தாள். ஆறு மாதத்தில் களத்துக்குத் திரும்பிவிடுவேன் என்றான் அவன். ஒன்பது மாதத்துக்கு முன் விடமாட்டேன் என்றேன் நான், என் மகளிடம். அவனிடமும் அதே உறுதியோடு சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் கொலிசியை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். அவருடைய தசைநார் முழுதாக அறுபடவில்லை, ஒரு பகுதிதான் கிழிந்தது என்றே அப்போது செய்திகள் வந்தன. எங்கள் பிள்ளைகளுக்கோ அது முழுதாக அறுந்து, உடம்பின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புதிதாகப் பொருத்தினார்கள். நம் ரக்பி வீரர்களில் ஒருவரோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஹாண்ட்ரே பொலார்டைப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபரில் ஏ.சி.எல். அறுந்தது, 2021 ஜூலையில்தான் மறுபடியும் நாட்டுக்காக ஆடினார். முழுநேர மருத்துவக் குழு கூடவே இருந்தும் நாட்டு அணிக்குத் திரும்ப ஏறத்தாழ ஒன்பது மாதம்.

ஆறு மாதம் என்பவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் வலி இருக்காது, வீக்கம் வடிந்திருக்கும், நேர்க்கோட்டில் நன்றாக ஓட முடியும். மருத்துவர்களே ஆறு மாதத்தில் அனுமதித்த காலம் ஒன்று இருந்தது. பருவம் பாதியில் நிற்கிறது, பயிற்சியாளர் கேட்கிறார், பதினெட்டு வயது. ஆனால் முழங்காலுக்குள் நடப்பது வெளியே தெரியாது. ஒட்டிய நாண் முதலில் தன் உயிரணுக்களை இழக்கிறது. பிறகுதான் புதிய இரத்தக் குழாய்கள் அதற்குள் ஊடுருவுகின்றன. அது தசைநாராக மாறும் வேலை ஓராண்டைத் தாண்டியும் நீள்கிறது. கால் "சரியாகிவிட்டது" என்று தோன்றும் ஆறாம் மாதத்தில் உள்ளே கட்டட வேலை முடிந்திருக்காது.

எண்களும் இதையே சொல்கின்றன. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் 51 சதவீதம் குறைந்தது. 2020இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பிய இளம் வீரர்களுக்கு மறுபடியும் ஏ.சி.எல். அறுவது ஏறத்தாழ ஏழு மடங்கு. 25 வயதுக்குள் இருந்து விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதே கால் அல்லது மறு கால் மறுபடியும் போகிறது என்று படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஆனாலும் ஒன்பது மாதம் சும்மா கிடந்தால் போதுமா? போதாது. அந்த 2016 ஆய்வே சொல்கிறது: தசை வலு, தாவல் உள்ளிட்ட சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு மறுகாயம், தேறியவர்களில் 5.6 சதவீதம். முக்கியமான அளவுகோல், அறுவை நடந்த காலின் முன்தொடை வலு மறு காலின் வலுவில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது.

ஏழாம் மாதம் பயோகினெடிசிஸ்டின், அதாவது உடற்பயிற்சி மூலம் வலுவை மீட்டுத்தரும் நிபுணரின், அறையில் இதைக் கண்ணால் கண்டேன். முட்டிச்சில்லுக்கு மேலே பதினைந்து சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளியிட்டு, நாடாவால் மகளின் தொடையைச் சுற்றி அளந்தார். இரண்டு தொடைகளுக்கும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். பிறகு ஒற்றைக்காலில் தாவச் சொன்னார். நல்ல காலில் இறங்கியபோது சத்தமே இல்லை. அறுவை நடந்த காலில் "தொப்" என்று விழுந்தாள். முட்டி உள்பக்கமாகச் சரிந்தது. நெட்பாலில் பந்தைப் பிடித்ததும் ஓட்டத்தை அப்படியே நிறுத்த வேண்டும், ஊன்றிய காலைத் தூக்கி மறுபடியும் வைக்கக் கூடாது என்பது விதி. அந்தத் "தொப்"போடு அவளை ஆட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

நம் நாட்டில் ஆறா ஒன்பதா என்பதைப் பல வீடுகளில் பணம்தான் முடிவு செய்கிறது. மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு தரும் பணம் முதல் சில மாதப் பிசியோதெரபியிலேயே கரைந்துவிடுகிறது. வலு கூட்டும் கடைசிக் கட்டத்துக்கு, அதாவது பயோகினெடிசிஸ்டிடம் போக வேண்டிய நேரத்துக்கு, கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. அக்கா மகன் நான்காம் மாதத்தோடு பயிற்சியை நிறுத்தியது அதனால்தான். கிளப்பில் யாரோ ஒருவர் அவனை மைதானத்தைச் சுற்றி இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்து, "ஆடலாம்" என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால், தொடக்கத்து வருகைகளைச் சற்றுக் குறைத்து, கற்றுக்கொண்டதை வீட்டில் தவறாமல் செய்து, பணத்தை நான்கிலிருந்து ஒன்பதாம் மாதம் வரைக்கும் தேக்கி வையுங்கள் என்பேன்.

எந்த நாணை எடுப்பது என்ற கேள்விக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. மகளுக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாண். உறுதியானது, ஆனால் கோயிலில் விழுந்து கும்பிட மண்டியிடும்போது இன்றும் முகம் சுளிக்கிறாள். அக்கா மகனுக்குப் பின்தொடை நாண். மண்டியிடுவதில் தொல்லை இல்லை. அறுவையே வேண்டாம் என்ற வழியும் உண்டு. ஸ்வீடனில் 121 பேரை வைத்து நடந்த ஆய்வில், பயிற்சியோடு தொடங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்தாண்டு கழிந்தும் அறுவை செய்துகொள்ளவில்லை. மகளுக்கு நாங்களும் அதை முயன்றோம். மாடிப்படியில் இரண்டு முறை கால் நழுவி விழப் பார்த்த பிறகே கையெழுத்திட்டோம்.

அக்கா மகன் ஆகஸ்ட் இறுதியில் களமிறங்கினான். ஏழாவது வாரம், யாரும் தொடாமலே, திரும்பும்போது கால் மடங்கியது. அக்டோபர் 28 அன்று ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தை 12-11 என்று வென்று கொலிசி கோப்பையை உயர்த்தியபோது தெருவே ஆர்ப்பரித்தது. இவன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாம் அறுவையில் வேறு நாணோடு, முட்டியின் வெளிப்பக்கத்திலும் ஒரு திசுப் பட்டையை இழுத்துத் தைத்தார்கள். இளம் வயதினரிடம் பின்தொடை நாணோடு இதையும் சேர்த்தபோது ஒட்டு அறுவது 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்ததை 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. முதல் தடவையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மகள் பத்தரை மாதத்தில், எல்லாச் சோதனையும் தேறி, முதல் ஆட்டத்தில் நான்கில் ஒரு பகுதி நேரம் மட்டும் ஆடினாள். அந்த அளவு நாடா இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. "எந்த மாதம் ஆடப் போகிறாய்?" என்று யாராவது கேட்டால் அவன் மாதத்தைச் சொல்வதில்லை. "இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கிறது" என்கிறான்.