சீரியா பவுடர் வாங்கலாமா? லேப்ல யூஸ் பண்ண ரிவ்யூ

தெர்மோகெமிக்கல் முறையில, அதாவது சூட்ட வச்சு ரசாயன வினை மூலமா, தண்ணிய உடைச்சு ஹைட்ரஜன் எடுக்க எங்க லேப்ல வாங்குன சீரியம் ஆக்சைடு இது, இதத்தான் சீரியான்னு சொல்வாங்க. பொருள் நல்ல பொருள்தான், லேசான மஞ்சள் கலர், சுமார் 1500 டிகிரி செல்சியஸ்ல ஆக்சிஜன விடுது, அப்புறம் சூட்ட 1000 டிகிரிக்குக் கீழ இறக்கி நீராவி விட்டா தண்ணில இருக்குற ஆக்சிஜன புடுங்கிக்கிட்டு ஹைட்ரஜன வெளிய தள்ளுது, இந்த ரெண்டாவது ஸ்டெப் செம வேகம். இதே வேலைக்கு யூஸ் பண்ற ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு வகை) மாதிரி சீக்கிரம் கட்டிதட்டிப் போற தொல்லையும் கம்மி. 2010ல அமெரிக்காவோட கால்டெக், சுவிட்சர்லாந்தோட ஈடிஹெச் சூரிச் யுனிவர்சிட்டி ஆளுங்க இதே சீரியாவ 500 சைக்கிள் (மேல சொன்ன ரெண்டு ஸ்டெப்பும் சேந்தா ஒரு சைக்கிள்) ஓட்டிக் காட்டுனாங்க, ஆனா சூரிய ஒளிய குவிச்சு சூடேத்துனப்ப அந்த சக்தில எரிபொருளா மாறுனது 1 சதவீதம் கூட இல்ல, அதனால நாளைக்கே பங்க்ல ஹைட்ரஜன் ஊத்துவாங்கன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

குறைன்னா, பவுடர் ரொம்ப நைசு. அப்படியே போட்டா சின்டர் ஆகி (சூட்டுல துகளெல்லாம் ஒட்டிக்கிட்டு) பரப்பளவு போயிடும், துளை துளையா நுரைக்கட்டி மாதிரி பண்ணிக்கிட்டா தேவல. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) குழாய்ல நேரா படவிடாதீங்க, அந்த சூட்டுல ரெண்டும் ரியாக்ட் ஆகும். சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்த சீரியாவும் கிடைக்குது, ஆக்சிஜன் கூடுதலா விடும், ஆனா நீராவி ஸ்டெப் மந்தமாயிடும். பேக்கிங் படு மோசம்ங்க, மூடியே லூசு. 5க்கு 3.5 தரலாம்.