ரேடியோ செட் இருக்க, வட்ஸ்அப்பை ஏன் தேடுகிறான் சிப்பாய்?

வாழைச்சேனைத் துறைமுகத்து ஆழ்கடல் படகுகளில் ரேடியோ செட் இருக்கிறது. ஆனாலும் கரைக்குக் கிட்ட வந்து கவரேஜ் கிடைத்ததும் கை போனுக்குத்தான் போகும். "ஐஸ் இருக்கா, லொறி வந்திட்டா?" எல்லாம் வட்ஸ்அப் வொய்சில்தான். சிப்பாய்களும் இப்படித்தான்.

பிரிட்டிஷ் இராணுவத்தின் 'போமன்' ரேடியோ 2004இல் பாவனைக்கு வந்தது. கனம், பற்றரித் தொல்லை என்று குறைகள். அந்தப் பெயரின் எழுத்துகளைப் பிரித்து, "இதைவிட ஒரு மெப்பும் நோக்கியாவும் மேல்" என்று பொருள் வரும்படி சிப்பாய்களே நக்கல் விரிவாக்கம் செய்தார்கள். வட்ஸ்அப்புக்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. படம், இருக்கும் இடம், குரல் எல்லாம் ஒரே தட்டலில் போகும், பார்த்தானா என்பதும் தெரியும். செட்டோ எல்லார் கையிலும் இருக்காது. இரண்டு படைப்பிரிவுகளின் செட்டுகள் ஒன்றோடொன்று பேசாத கூத்தும் உண்டு.

இரகசியத்தில் செட்தான் மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. 2022இல் உக்ரைனுக்குள் போன ரஷ்யர்கள் பலர் பூட்டில்லாத, அதாவது பேச்சைக் குறியாக்கி மறைக்காத, மலிவு வோக்கி டோக்கியில் பேச, ஊரே கேட்டது. வட்ஸ்அப்பிலோ 2016இலிருந்து செய்தி முழுதாகப் பூட்டித்தான் போகிறது. டெலிகிராம் வேறு கதை: இரகசிய அரட்டையைத் தேர்ந்தால்தான் அந்தப் பூட்டு. உக்ரைன் 2024 செப்டெம்பரில் டெலிகிராமை அரச, இராணுவப் போன்களில் தடை செய்தது.

ஆனால் செய்தியைப் பூட்டினாலும் போன் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். 2023 புத்தாண்டு பிறந்த கணத்தில் கிழக்கு உக்ரைனின் மகீவ்காவில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த கட்டடம் ஏவுகணைக்கு இரையானது. 89 பேர் இறந்ததாகச் சொன்ன ரஷ்ய இராணுவம், தடையை மீறிய போன் பாவனையே முக்கிய காரணம் என்றது. (மேலிடம் தன் தவறைக் கீழே தள்ளிவிட்டது என்றும் பேச்சு.) ரேடியோவும் அலை விடுகிறதுதான், ஆனால் நல்ல இராணுவ செட் நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாறித் தாவும், போன் கோபுரமும் தேவையில்லை. கோபுரம் விழுந்தால் வட்ஸ்அப் வெறும் படம்தான்.

ஆளை மாற்றிச் சேர்த்தால் எந்தப் பூட்டும் உதவாது. 2025 மார்ச்சில் யேமன் தாக்குதலைப் பற்றிப் பேசிய அமெரிக்க அமைச்சர்களின் 'சிக்னல்' செயலி குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரும் இருந்தார். கலியாண வீட்டு குரூப்பில் நடக்கிற அதே கூத்து.

என் பார்வையில் சுவிட்சர்லாந்து செய்ததுதான் புத்தி. 2022இல் பணியின்போது வட்ஸ்அப் வேண்டாம் என்றதோடு நிற்காமல், உள்நாட்டுச் செய்திச் செயலியான 'திரீமா'வைக் காட்டி, அதன் செலவையும் இராணுவமே ஏற்றது. லீவு, சாப்பாடு, ஆள் கணக்குக்கு அது போதும். முன்னரங்கில் போனை அணைத்துவிட்டு செட்டைத் தூக்க வேண்டியதுதான், கனமென்றாலும்.