கியர்பாக்ஸை இறக்கணும்னு சொன்னா, முதல்ல டேப்பெட் கவரைப் பாருங்க

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால், பார்த்த மாத்திரத்தில் "கிராங்க் சீல் போயிருச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று எஸ்டிமேட் போடும் ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கிராங்க் சீல் என்பது, எஞ்சினின் சுழலும் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதை எட்ட முடியும்.

உறவினர் ஒருவரின் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் நடந்தது இது. சீல், "எப்படியும் இறக்கியாச்சே" என்று தள்ளிவிட்ட கிளட்ச் செட், லேபர், எல்லாம் சேர்த்து பில் ரூ. 18,400. வண்டி வீட்டுக்கு வந்த வாரமே அதே இடத்தில் அதே சொட்டு. போய்க் கேட்டால், "புது சீல் செட்டாகணும் சார், 500 கிலோமீட்டர் ஓடட்டும்." சுத்தப் பொய். ஒழுகும் சீல் ஓட ஓட அடைபடாது. வேறொரு மெக்கானிக் பார்த்தபோது கசிவு மேலே இருந்தது: டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங், கியர்பாக்ஸ் பக்க மூலை. பேக்கிங் சில நூறு ரூபாய். வேலை ஒரு மணி நேரம்.

சொட்டுகிற இடத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மேலே கசியும் ஆயில் எஞ்சின் பிளாக்கில் வழிந்து பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) அடியில் வந்து சேரும். ஓடும்போது காற்று வேறு பின்னால் இழுத்துப் பூசிவிடும். ஆகவே தேட வேண்டியது, ஈரம் தெரியும் இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறது என்பதை.

எஞ்சின் ஆறியதும் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் டிகிரீசர் அடித்து பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ஆல்டர்னேட்டர், சென்சர் கனெக்டர்களில் நனையாமல் பாலிதீன் சுற்றிக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்தபின் சந்தேகப்படும் மூட்டுகளில் முகப்பவுடரை லேசாகத் தூவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசிவு. டேப்பெட் கவர் விளிம்பு, கேம் சீல் (வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் சீல்), ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், கடைசியாக டிரெயின் போல்ட் என்று மேலிருந்து கீழே வாருங்கள். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியதை முறுக்கினாலும் ஒழுகும். சர்வீஸ் முடிந்த கையோடு தொடங்கிய கசிவு என்றால் அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

மேலே எல்லாம் காய்ந்திருக்க, பெல் ஹவுசிங் உள்ளிருந்து மட்டும் ஆயில் வந்தால் சீல் மேல் சந்தேகப்படலாம். அப்போதும் விரலில் தொட்டு முகர்ந்துவிடுங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில். போனது கிராங்க் சீல் அல்ல, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல்.

சீலே போயிருந்தாலும் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பிரீதர் ஹோஸையும் பார்க்காமல் மாற்றவிடாதீர்கள். அவை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். எத்தனையோ "ரிப்பீட் கம்ப்ளெயின்ட்" இப்படித்தான் வருகிறது.

டேப்பெட் கவர் வேலையிலும் கெடுப்பார்கள். பேக்கிங்கை மாற்றாமல் சிலிகான் பேஸ்ட்டை அப்புவார்கள். பிதுங்கியது உடைந்து சம்ப்புக்கு (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போய், ஆயில் பம்ப்பின் வலைச் சல்லடையான ஸ்ட்ரெய்னரை அடைக்கும். போல்ட்டை மூச்சுப்பிடித்து முறுக்கினால் பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும். பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். கசிவை அடைக்கும் என்று சொல்லி "ஸ்டாப் லீக்" திரவம் ஊற்றுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன், கசிவு தொடங்கும் இடத்தை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய சீலைத் திருப்பித் தரவேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதவையுங்கள். பெரும்பாலும் தேய்ந்த சீலின் உதடு விறைத்தோ வெடித்தோ இருக்கும். உதடு இளக்கமாக, கீறல் இல்லாமல் இருந்தால், பணம் கட்டும் முன் விளக்கம் கேளுங்கள்.