ஜியோஜீப்ராவில் நடுப்புள்ளியும் தொலைவும்: ஆறாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கும் நான், ஆயத்தொலை வடிவியலுக்காக, புள்ளிகளையும் கோடுகளையும் திரையில் வரைந்து நகர்த்த உதவும் ஜியோஜீப்ராவை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 2001-இல் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் ஆஸ்திரியாவில் உருவாக்கத் தொடங்கிய இந்த மென்பொருள் கேரளப் பள்ளிக் கணினிகளிலேயே இருப்பதால், இங்கே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது புதிதன்று. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வரும் பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இணையம் இல்லாமலும் ஓடுகிறது.

நடுப்புள்ளிக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. (−3, 5), (5, −1) ஆகிய புள்ளிகளுக்கு, தொலைவுச் சூத்திரத்தின் நினைவில் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துப் பாதியாக்கி (4, −3) என்று எழுதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. அந்தப் புள்ளியைத் திரையில் வைத்தால், அது கோட்டுத்துண்டில் ஒட்டாமல் கீழே தனியாக நிற்கும். பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சரியான நடுப்புள்ளி (1, 2). முதல் புள்ளியை இடப்பக்கம் நான்கு கட்டம் இழுத்தால் நடுப்புள்ளி இரண்டு கட்டம் மட்டுமே நகர்வதைப் பார்த்த பின், இரண்டால் வகுப்பது ஏன் என்று எவரும் கேட்பதில்லை. (மலையாள வழிப் பிள்ளைகளோடு பழகி ‘மத்யபிந்து’ என்றே எழுதுவோரும் உண்டு; அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை.)

தொலைவில்தான் எனக்குக் குறை. அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவை, கருவியைத் தொட்டவுடன் 10 என்று காட்டிவிடுகிறது. (−3, −1) என்ற மூன்றாவது புள்ளியை வைத்து, 8, 6 அலகுப் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தை நாமே வரைந்தால்தான் பிதாகரஸ் தேற்றம் கண்ணில் படும். √13 வரும் இடத்தில் 3.61 என்று காட்டுவதால், அதை அப்படியே விடைத்தாளில் எழுதி மதிப்பெண் இழந்தவர்களும் உண்டு. ஒருநாள், “டீச்சரே, தூரம் தப்பாக் காட்டுது” என்று ஒரு பெண் கூப்பிட்டாள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி அவள் ஓர் அச்சை இழுத்திருந்ததால், வட்டம் முட்டையாகி, சம நீளக் கோடுகள் வெவ்வேறு நீளமாகத் தெரிந்தன. எண்கள் மட்டும் சரியாகவே இருந்தன. அச்சுகளின் விகிதத்தை 1:1 ஆக்கியதும் படம் நேரானது.

ஆகவே முதல் வாரம் முழுவதும் கிராஃப் நோட்டும் பென்சிலும்தான். விடையைச் சரிபார்க்க மட்டுமே இப்போது கணினியைத் திறக்கிறேன்.