பூங்குழலிக்குப் பாய்மரம் எதற்கு? புதுச்சேரியில் கிடைக்கும் ஒரு பின்னல் கிட்

புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய சந்தில் உள்ள கைவேலைப் பொருள் கடையொன்றில் 'பூங்குழலி' என்ற பெயரில் ஒரு நிட்டிங் கிட் விற்கிறார்கள். விலை 1,250 ரூபாய். தலைவழியே மாட்டிக்கொள்ளும் வளையமான கழுத்துக் கம்பளி, அதாவது கௌல், பின்னுவதற்கானது. 'பொன்னியின் செல்வன்' நாவலின் கோடிக்கரை ஓடக்காரப் பெண்ணை நினைத்துப் போட்ட டிசைன்: மேலும் கீழும் அலை, நடுவே படகு, அதற்கு மேல் மீன் வரிசை, ஆங்காங்கே மஞ்சள் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகளாம். கதை படித்தவர்களுக்குப் பார்த்ததும் புரிந்துவிடும். அதற்காகவே கடைக்காரருக்கு ஒரு சபாஷ்.

இந்த ஊர் வெக்கைக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மார்கழி விடியலில் கடற்கரைச் சாலை நடை, ஏசி ரயில் பெட்டி, ஊட்டிப் பயணம். போதும்.

பெட்டிக்குள் இருப்பவை: கருநீல நூல் 50 கிராம், சந்தன வெள்ளை 50 கிராம், மஞ்சள் 25 கிராம், 3.75 மி.மீ. மூங்கில் சர்க்குலர் ஊசி (இரு முனையையும் கேபிள் இணைக்கும், வளையமாகப் பின்னும் ஊசி; 60 செ.மீ. நீளம்), சுற்று தொடங்கும் இடத்தைக் காட்ட ஒரு மார்க்கர், கறுப்பு வெள்ளையில் அச்சடித்த சார்ட், அதாவது கட்டம் போட்ட டிசைன் படம். நூல் டி.கே. தடிமன், அதாவது ரொம்ப மெலிசும் இல்லாமல் ரொம்பத் தடிப்பும் இல்லாமல், 50 கிராமுக்கு 110 மீட்டர் என்று லேபிள் சொல்கிறது. நீலமும் வெள்ளையும் நல்ல நூல். முறுக்கு சீராக இருக்கிறது, ஊசிமுனை நூலைப் பிளப்பதில்லை.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. சார்ட் 132 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) போடச் சொல்கிறது. படகு டிசைனின் அகலம் 24 கண்ணி. 132-ஐ 24-ஆல் வகுத்தால் ஐந்து படகு போக 12 கண்ணி மிஞ்சும். சுற்று முடியும் இடத்தில் ஆறாவது படகு பாதியில் வெட்டுப்பட்டு, மார்க்கர் தாண்டியதும் புதுப் படகு தொடங்கும். அலை டிசைன் 8 கண்ணி. அதிலும் 16 அலை போக 4 கண்ணி நிற்கும். மீன் மட்டும் 12 கண்ணி என்பதால் பதினொன்று சரியாக விழுகிறது. முதலில் மீனுக்கு மட்டும் கணக்குப் போட்டு, பிறகு மற்றதை ஒட்டவைத்தார்கள் போலிருக்கிறது. படகு வரிசை 17-ஆம் சுற்றில்தான் வருகிறது. அதுவரை பின்னிவிட்டுப் பிரிப்பது இரண்டு மாலை வேலை வீண்.

24, 12, 8 மூன்றுக்கும் பொருந்தும் எண்கள் 120, 144. பத்து செ.மீ.க்கு 24 கண்ணி என்ற அளவில் 120 கண்ணி 50 செ.மீ. சுற்றளவு தரும். அது பெரியவர்கள் தலையில் இறங்காது. இரண்டு நிறம் சேர்த்துப் பின்னிய துணி, பின்பக்கம் நூல் ஓடுவதால், சாதாரணப் பின்னல் அளவுக்கு இழுபடாது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே 144. சுற்றளவு 60 செ.மீ., ஆறு படகு, பதினெட்டு அலை, பன்னிரண்டு மீன். விளிம்பில் வரும் ரிப்புக்கு, அதாவது இழுபடும் வரிப் பின்னலுக்கு, இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (எதிர்க் கண்ணி) என்று போனாலும் 144 சரியாக வகுபடும்.

நூல் போதுமா? போதும், ஆனால் கையைக் கடிக்கும். 62 சுற்றுக்கு நீலம் 40 முதல் 42 கிராம் வரை இழுக்கும். அளவு பார்க்கும் சாம்பிளுக்கு இன்னும் 5 கிராம். எனவே சாம்பிளைக் கத்தரிக்காமல் வைத்திருங்கள், கடைசியில் பிரித்துச் சேர்க்க வேண்டி வரலாம். வெள்ளை ஏறக்குறைய பாதி மிஞ்சும். சாம்பிளையும் வளையமாகவே பின்ன வேண்டும். போய்த் திரும்பிப் பின்னும்போது பர்ல் வரிசையில் பெரும்பாலானோருக்குக் கை தளர்ந்துவிடும், அளவு பொய் சொல்லும். பத்து செ.மீ.க்கு 26 கண்ணி வந்தால் 144 கண்ணி 55 செ.மீ.தான், 4 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள்.

60 செ.மீ. ஊசியும் இதற்குத் தோதில்லை. அவர்கள் சொன்ன 132 கண்ணி 55 செ.மீ. துணிதான், அதைவிட நீளமான ஊசியில் கண்ணிகள் விறைத்து இழுபடும், முதல் சுற்றை இணைக்கவே போராட வேண்டும். 40 செ.மீ. ஊசி தனியாக வாங்குங்கள். நம் நீலகிரிக் கேத்தியில் தயாராகும் போனி ஊசியிலேயே அந்த நீளம் உண்டு. ரிப்புக்கு 3.25 மி.மீ. ஒன்றும் இருந்தால் விளிம்பு தொளதொளக்காது. கிட்டில் வரும் மூங்கில் ஊசியில் கேபிள் சேரும் இடம் சொரசொரப்பாக இருந்து நூலைப் பிடிக்கிறது. நகம் தேய்க்கும் அரத்தால் இரண்டு இழு இழுத்தால் சரியாகிறது.

மஞ்சள் நூலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் அங்குலம் வெட்டி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் முடி கருகும் வாடையோடு தானே அணைந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகின்றன: கம்பளி. மஞ்சள் உருகிக் கறுப்பு மணியாக இறுகுகிறது: அக்ரிலிக். லேபிளில் மூன்றுக்கும் ஒரே வாசகம்தான். முடித்த பிறகு நனைத்து நீட்டிக் காயவைக்கும்போது கம்பளி தளர்ந்து கண்ணிகள் ஒன்றோடொன்று இசைந்து படியும். அக்ரிலிக் அப்படிப் படியாது. புள்ளி இருக்கும் இடமெல்லாம் துணி சுருங்கிக் குழி விழும். தவிர, அந்தச் சுற்றுகளில் மூன்று நிறத்தையும் ஒன்றாக ஓட்டச் சொல்கிறது சார்ட். வேண்டாத தலைவலி. மஞ்சள் இடங்களை நீலத்தில் பின்னிவிட்டு, காய்ந்த பிறகு மொண்ணை ஊசியால் அதே கண்ணியின் தடத்தில் மஞ்சளை மேலே ஓட்டிவிடலாம். குழியும் இல்லை, மூன்றாவது நூற்கண்டை இழுத்துக்கொண்டு ஓடும் வேலையும் இல்லை.

நீலம் சாயம் விடுகிறது. நனைத்த துண்டை வெள்ளை டிஷ்யூவில் அழுத்தினாலே தெரியும். பின்னுவதற்கு முன் கண்டைப் பிரித்து நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் வெள்ளை நூலால் தளர்வாகக் கட்டி, இரண்டு சொட்டு ஷாம்பு விட்ட வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். தேய்க்கக் கூடாது, சூட்டிலிருந்து சட்டென்று பச்சைத் தண்ணீருக்கும் மாற்றக் கூடாது, கம்பளி கெட்டிப்பட்டுவிடும். இதைத் தவிர்த்தால் முதல் அலசலிலேயே வெள்ளைப் படகு வெளிர்நீலப் படகாகும்.

இனி படகு. வரைந்தவர் முக்கோணப் பாய் வைத்திருக்கிறார். பூங்குழலி துடுப்புப் போடுகிறவள். அலைகடலில் தனியாகத் துடுப்பு வலிப்பதுதானே அவள் அடையாளம்? பாயை எடுத்துவிட்டு, படகின் பக்கத்தில் சாய்வாக ஆறு வெள்ளைக் கண்ணி, சுற்றுக்கு ஒன்றாக நகர்த்தினால் துடுப்பு வந்துவிடும். நீலம் ஒரு கிராம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

படகின் அடிப்பாகம்தான் இந்த கிட்டில் கைத்திறன் கேட்கும் இடம். அங்கே 14 வெள்ளைக் கண்ணி தொடர்ந்து வருகிறது. அதன் பின்னால் நீலம் கிட்டத்தட்ட 6 செ.மீ. சும்மா ஓடும். மாட்டும்போது கம்மலோ விரலோ சிக்கும். நான்கைந்து கண்ணிக்கு ஒருமுறை நீலத்தை வெள்ளையோடு ஒரு முறுக்கு முறுக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்த சுற்றில் அதே கண்ணிக்கு நேர்மேலே பிடிக்காதீர்கள், ஒன்றிரண்டு தள்ளிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் வெள்ளைக்குள் நீலக் கோடு செங்குத்தாகத் தெரியும். சார்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எந்த நூல் கீழிருந்து வருகிறதோ அதுதான் எழும்பித் தெரியும். வெள்ளையை எப்போதும் கீழே, நீலத்தை மேலே வைத்து ஓட்டுங்கள். நடுவில் மாற்றினால் ஒரு படகு தடித்தும் அடுத்தது மெலிந்தும் வரும். எங்கே தப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நிறம் மாற்றுமுன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் பரப்பிவிட்டால் பின்னூல் இறுகாது. அப்படியும் இறுக்கிப் பின்னும் கையென்றால், துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்துக்கொண்டு பின்னுங்கள். பின்னூல் வளையத்தின் வெளிச்சுற்றில் ஓடுவதால் தானாகவே சற்று நீளும்.

காயவைப்பதில் நம் ஊர்க் காற்றை நம்பக் கூடாது. அலசியதும் துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்து, ஃபேனுக்குக் கீழே சமமாகப் பரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளாகும்; ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் ஈரவாடை பிடிக்கும்.

கடையைப் பற்றி: பிரிக்காத கண்டை மாற்றித் தருகிறார்கள், பில் வேண்டும். இரண்டாம் நீலக் கண்டு வாங்குவதானால் லேபிளில் சாய எண் ஒன்றா என்று பார்த்து, முதல் முறையே வாங்கிவிடுங்கள். கடலூர், விழுப்புரத்திலிருந்து வருபவர்கள் இருப்பு கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. கணக்குப் பிழையைக் காட்டினால் பணிவாகக் கேட்டுக்கொள்கிறார்கள். சார்ட் மட்டும் இன்னும் 132-லேயே இருக்கிறது. ஊசி வேண்டாம், நூலும் சார்ட்டும் போதும் என்றால் 950 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். அப்படியே வாங்குங்கள்.