காந்தத் தகடா, ஒட்டு ஸ்டிக்கரா? வண்டியில் பெயர் போடுவதற்கு முன்

தொழிலுக்கு ஓடும் வண்டியில் பெயரும் போன் நம்பரும் போட நினைப்பவர் முதலில் விலையைக் கேட்கிறார், அப்புறம் எது எடுப்பாக இருக்கும் என்று பார்க்கிறார். இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்தப் பெயர் வண்டியை விட்டு இறங்க வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டா? பகலில் வேலைக்கும் மாலையில் குடும்பத்துக்கும் ஓடும் வண்டியா, வாடகைக்கு எடுத்ததா, ஒரே வண்டியில் இரண்டு தொழில் நடக்கிறதா? அப்படியானால் காந்தத் தகடு. எந்நேரமும் ஒரே பெயரில்தான் ஓடும் என்றால் ஒட்டும் வினைல் (மெல்லிய பிளாஸ்டிக்) ஸ்டிக்கர்.

நடுவில் நிற்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 'எதற்கும் கழற்ற வசதியாக இருக்கட்டும்' என்று காந்தத் தகடு வாங்கி மாட்டிவிட்டு, மாதக்கணக்கில் அதைத் தொடாமலே விடுவார்கள். பெயின்ட் கெட்டது, தடம் விழுந்தது, காற்றில் பறந்தது என்று காந்தத் தகட்டின்மேல் சொல்லப்படும் குறைகளில் பாதிக்கு மேல் அந்தத் தொடாமையால் வந்தவை என்பது என் எண்ணம்.

காந்தம் பிடிக்கும் விதம்

தகடு என்று சொன்னாலும் அதில் உலோகத் தகடு எதுவும் இல்லை. ரப்பர் போன்ற ஒரு பொருளில் ஃபெரைட் காந்தத் தூளைக் கலந்து விரிப்பாக இழுத்து, முன்பக்கம் வெள்ளை வினைல் ஒட்டி, அதன்மேல் அச்சடிக்கிறார்கள். வண்டிக்கென்று விற்பது பெரும்பாலும் 0.75 மி.மீ.க்குக் குறையாத கனத்தில் இருக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் விளம்பர அட்டைகள் அதைவிட மெல்லியவை. அந்தக் கனத்தில் வண்டிக்கு யாராவது அடித்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

அதன் பின்பக்கத்தில் வட துருவமும் தென் துருவமும் மெல்லிய கோடுகளாக மாறி மாறி வரும். இரண்டு தகடுகளை முதுகோடு முதுகு வைத்து மெல்ல இழுத்தால் 'டக் டக்' என்று தாவித் தாவி நகர்வது அதனால்தான். (ஒரு முறை செய்து பார்க்கலாம். விளையாட்டாக அடிக்கடி செய்தால் காந்த சக்தி குறையும்.) துருவங்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் இழுப்பு மேற்பரப்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. தகட்டுக்கும் கதவுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி விழுந்தாலும் பிடி கணிசமாகக் குறையும். தூசி, மணல், காயாத வாக்ஸ், அடியில் இருக்கும் பழைய ஸ்டிக்கர், கதவின் வளைவு எல்லாமே அந்த இடைவெளியைத் தருபவை. காந்தத் தகட்டுக்குச் சொல்லப்படும் பராமரிப்பு விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருகின்றன.

ஸ்டிக்கரின் கதை வேறு. அது பசையால் பிடிக்கிறது. வளைவிலும் பிடிக்கும், பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும், கண்ணாடியிலும் பிடிக்கும். காந்தத்துக்கு இரும்பு வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இன்றைய வண்டிகளில் எல்லாப் பாகமும் இரும்பு இல்லை. பம்பர் பிளாஸ்டிக். பானெட் பல கார்களில் அலுமினியம். ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் 2015 மாடலிலிருந்து உடம்பு முழுக்க அலுமினியத்துக்கு மாறியது. ஷெவர்லே கார்வெட் 1953-இல் அறிமுகமானபோதே ஃபைபர் கிளாஸ் உடம்போடுதான் வந்தது. இப்படிப்பட்ட வண்டிகளில் காந்தத் தகடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் சாதாரண ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்துக் கதவு முழுக்க, பத்துப் பன்னிரண்டு இடங்களில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் நன்றாகப் பிடித்து, பக்கத்திலேயே வழுக்கி விழுந்தால், அந்த இடத்தில் எப்போதோ டிங்கரிங் செய்து பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய வண்டி வாங்குபவர்களுக்கும் இது உதவும், ஆனால் அது வேறு கட்டுரை.

ஓட்டத்தில் எது நிற்கும்?

ஸ்டிக்கரை ஒழுங்காக ஒட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. காந்தத் தகடு நிற்பது மாட்டும் இடத்தைப் பொறுத்தது. தட்டையான கதவின் நடுப்பகுதியில், நான்கு ஓரமும் முழுசாகப் படிந்திருந்தால் வேகமாகப் போனாலும் அசையாது. கதவு இடுக்கின்மேல் ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தாலும், ரப்பர் பீடிங்கின்மேல் ஏறியிருந்தாலும், கதவில் ஓடும் மடிப்புக் கோட்டைத் தாண்டியிருந்தாலும் காற்றுக்கு நுழைய வழி கிடைத்துவிடும். முன் ஓரம் ஒரு முறை தூக்கிக்கொண்டால் அப்புறம் முழுத் தகடும் போகும். பின்னால் வருபவர் வண்டியின் கண்ணாடியில் போய் அறைந்தால், போன தகட்டை விட அதுதான் பெரிய விஷயம்.

அதனால் கடைக்குப் போகும்முன் கதவின் தட்டையான பகுதியை மட்டும் அளந்து, அதற்குள் அடங்கும்படி அளவு சொல்லுங்கள். கதவு அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்று ஆசைப்பட வேண்டாம். மூலைகளை வளைத்து வெட்டச் சொல்லுங்கள். கூர் மூலை முதலில் தூக்கிக்கொள்ளும். பானெட்டில் மாட்டவே கூடாது. எதிர்க்காற்று நேராக அடிக்கும் இடம், கீழே என்ஜின் சூடு வேறு.

அளவு சுருங்குவதால் வாசகமும் சுருங்கித்தான் ஆக வேண்டும். மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. உயர எழுத்து என்பது பெயர்ப்பலகைத் தொழிலில் புழங்கும் ஒரு கைக்கணக்கு. பக்கத்துத் தடத்தில் போகிறவர் படிக்க வேண்டுமென்றால் பெயர், தொழில், ஒரு நம்பர், அவ்வளவுதான். செய்யும் வேலைகளை எல்லாம் பட்டியல் போட நினைப்பவர்கள் ஸ்டிக்கருக்குப் போகலாம். அதையும் யாரும் படிக்கப்போவதில்லை என்பது தனி.

பெயின்டுக்கு எது நல்லது?

'ஸ்டிக்கர் பெயின்டைப் பிய்க்கும், காந்தம் ஒன்றும் செய்யாது' என்று பரவலாக ஒரு பேச்சு இருக்கிறது. கழற்றித் துடைப்பவருக்கு மட்டும்தான் அதன் பின்பாதி உண்மை.

கழற்றாமல் விட்ட தகட்டை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். மேல் ஓரம் வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் நடுவில் இன்னும் ஈரமாக இருக்கும். கீழ் ஓரத்தை ஒட்டி, தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த நுண்மணல் ஒரு பழுப்புக் கோடாகப் படிந்திருக்கும். வண்டி ஓடும்போது தகடு கண்ணுக்குத் தெரியாமல் அதிரும். ஒவ்வோர் அதிர்வுக்கும் அந்த மணல் பெயின்டைத் தேய்க்கும். சிக்கிய ஈரம் வெயிலில் சூடாகும்போது, பெயின்டின்மேல் பூசும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் கொப்புளமோ வெளிறிய தடமோ விழலாம். இது தவிர, வெயில் படும் இடம் நிறம் மங்க, மறைந்த இடம் மங்காமல் நிற்பதால் கட்டம் கட்டியது போல ஒரு நிழல் விழும். இந்த நிழல் ஸ்டிக்கருக்கும் பொதுவானது. ஆனால் ஸ்டிக்கருக்கு அடியில் தண்ணீரும் மணலும் நுழைவதில்லை. ஆகவே கழற்றாத காந்தத் தகட்டோடு ஒப்பிட்டால் ஸ்டிக்கரே பெயின்டுக்கு நல்லது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஸ்டிக்கர் பெயின்டைப் பிய்ப்பதும் உண்மைதான், ஆனால் எங்கே? கம்பெனியிலிருந்து வந்த அசல் பெயின்ட் நல்ல நிலையில் இருந்தால் அநேகமாகப் பிய்வதில்லை. பட்டி போட்டு மறுபடி அடித்த இடத்திலும், ஏற்கெனவே உரியத் தொடங்கிய கிளியர் கோட்டிலும்தான் பசையோடு சேர்ந்து வரும். அந்த மாதிரி வண்டிக்குக் காந்தம் மேல், அதுவும் அந்தப் பட்டியின்மேல் பிடித்தால்.

புதிதாக பெயின்ட் அடித்த வண்டிக்கு இரண்டுமே உடனே ஆகாது. காந்தத் தகட்டைப் பொறுத்தவரை பெயின்டுக்கு 90 நாள், கிளியர் கோட்டுக்கு 60 நாள், வாக்ஸுக்கு 2 நாள் காயவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் சராசரிக் கணக்கு. கையில் ஒட்டவில்லையே என்று அவசரப்பட வேண்டாம். மேலே காய்ந்தாலும் உள்ளே காய நாளாகும்.

பராமரிப்பில் யாருக்கு வேலை அதிகம்?

சந்தேகமே இல்லாமல் காந்தத் தகட்டுக்குத்தான். முடிந்தால் தினமும், குறைந்தது வாரம் ஒரு முறையாவது கழற்ற வேண்டும். வண்டி கழுவும் இடத்துக்குப் போகும்முன் கட்டாயம் கழற்ற வேண்டும். கழற்றும்போது மூலையைப் பிடித்து இழுத்தால் வினைல் நீண்டு மூலை சுருண்டுவிடும், அப்புறம் அது படியாது. மேல் ஓரத்தின் நடுவிலும் கீழ் ஓரத்தின் நடுவிலும் விரல் நுனியால் நெம்பி, கொஞ்சம் தூக்கியதும் முழுத் தகட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். கதவையும் தகட்டின் பின்பக்கத்தையும் லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து, இரண்டும் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். ஈரமான தகட்டை அவசரத்துக்கு மாட்டுவது, கழற்றாமல் விடுவதற்குச் சமம்.

மாட்டும்போது குமிழி விழுந்தால் கையால் தள்ளி நகர்த்தக் கூடாது. எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். நகர்த்தினால் நடுவில் ஒரு மணல் துகள் இருந்தாலும் போதும், கதவில் கீறல் நிச்சயம். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளி மாட்டினால் அந்த நிழல் தடமும் கூர்மையாக விழாது.

குளிரில் விரிப்பு விறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் வளைத்தால் வெடிக்கும். அறைக்குள் வைத்துச் சூடேறிய பிறகு மாட்டுவது நல்லது. மறுபக்கம், சுமார் 70 டிகிரி செல்சியஸ்தான் இந்த விரிப்புகளின் எல்லை. கடும் வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டி அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். கழற்றிய தகட்டை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பின் சீட்டில் போட்டு மேலே ஒரு பையை வைத்தால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த தகடு அந்தக் கோட்டில் இனிப் பிடிக்காது. தட்டையாக வைக்கலாம், அல்லது இரும்பு அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டி வைக்கலாம். சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அச்சடித்த பக்கம் வெளியே தெரியும்படி, தளர்வாகச் சுருட்டுங்கள். உள்ளே வைத்தால் வினைல் சுருங்கிக் கசங்கும்.

ஸ்டிக்கருக்கு இதில் கால்வாசி வேலை கூட இல்லை. ஒட்டிய முதல் நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது, பிரஷர் வாஷர் குழாயை 30 செ.மீ.க்குள் கொண்டுபோகாமல் இருப்பது, ஓரத்தை நோக்கிப் பக்கவாட்டில் அடிக்காமல் இருப்பது, அவ்வளவே.

ஆனால் ஸ்டிக்கருக்கான கவனம் முழுக்க வாங்கும் இடத்திலேயே தேவைப்படுகிறது. வினைலில் இரண்டு ரகம். உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்தது காலண்டர்டு. திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்தது காஸ்ட். இழுத்துச் செய்த ரகம் தன் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். நாளடைவில் அது சுருங்க, எழுத்தின் ஓரத்தில் பசை வெளியே தெரிந்து, அதில் தூசி பிடித்து ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் கறுப்புக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊற்றிச் செய்த ரகத்துக்கு இழுவை இல்லை என்பதால் வளைவிலும் குழியிலும் படிந்து நிற்கும், காலமும் கூடுதல். விலையும்தான். தட்டையான கதவில் சில வருடத்துக்கு மட்டும் என்றால் காலண்டர்டு போதும்.

எடுப்பதைப் பற்றிப் பயப்படுவார்கள். ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டி, வெளிப்பக்கமாக இழுக்காமல் கதவை ஒட்டியே மடக்கி மெதுவாக உரித்தால் வந்துவிடும். மிஞ்சிய பசைக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். உரிக்கும்போது துண்டு துண்டாக உடைந்தால் அது காலம் கடந்த ஸ்டிக்கர். அதற்குப் பொறுமை ஒன்றுதான் வழி.

மற்ற வழிகள்

வண்டி முழுக்கச் சுற்றி ஒட்டும் வினைல் உறை (wrap), ஒரே பெயரில் பல வருடம் ஓடும் டெலிவரி வேன்களுக்குச் சரி. ஒரு கதவு அடிபட்டால் அந்தப் பகுதியை மறுபடி அச்சடித்து நிறம் சேர்க்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூரிகையால் எழுதுவது அழகு, கழற்ற முடியாது. பின் கண்ணாடிக்குச் சல்லடைத் துளை போட்ட ஃபிலிம் இருக்கிறது: வெளியே படம் தெரியும், உள்ளேயிருந்து பின்னால் வருவது தெரியும். மழையில் துளைகளில் தண்ணீர் நின்று மங்கலாகும். கண்ணாடியை மறைப்பதற்கான சட்டம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் முதலில் அதை விசாரியுங்கள்.

ஓட்டுநர் பயிற்சி வண்டிகளுக்குக் காந்தத் தகடு கச்சிதமாகப் பொருந்தும். பயிற்சி நேரத்தில் மட்டும் அடையாளம் வேண்டும், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கழற்றுவது அங்கே வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே வண்டி என்றால் நான் சொல்வது இரண்டையும் கலந்து: பின் கண்ணாடியின் ஒரு மூலையில் சிறியதாக நம்பர் மட்டும் ஸ்டிக்கராக, இரண்டு முன் கதவிலும் காந்தத் தகடு. அலுமினிய வண்டிக்காரருக்கு இந்த வசதி கிடையாது. அவர் எளிதில் உரிக்கக்கூடிய பசையுள்ள வினைலைக் கேட்டு வாங்கி, அது எத்தனை மாதத்துக்குள் சுத்தமாக உரிந்து வரும் என்று கடையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.