தோள் இறங்கிய பெண்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் 18 வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். ஒரு பெண் எதிரே வந்து நின்றால் என் கண் முதலில் தோளையும் கைக்குழியையும்தான் பார்க்கும். அந்தக் கண்ணோடுதான் போன சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண் "ஆண்ட்டி, வாங்க" என்று இழுக்க, குளென்வுட் பக்கம் ஒரு சின்ன ஓவியக் கூடத்துக்குப் போனேன். பெண்ணுடலை வரைந்த 22 படங்கள். பெரும்பாலும் கரி, மூன்று மட்டும் மை. வரைந்தவர் டர்பன்காரப் பெண்தானாம்.

மூன்றாவது படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றேன். பிளாஸ்டிக் முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைப் பின்னால் வளைத்து ஹூக் மாட்டுகிறாள் ஒருத்தி. பட்டைக்குக் கீழே பிதுங்கும் சதை அப்படியே இருக்கிறது. இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான். நாங்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டிவிட்டு, அப்புறம் கை இழுக்கிறது என்று பிரிப்போம். இவர் அளவெடுத்தே வரைந்திருக்கிறார். பக்கத்துப் படத்தில் அடிவயிற்றில் சிசேரியன் தழும்பு. அது வரைந்த கோடு இல்லை. கரியைப் பூசிவிட்டு அழிரப்பரால் எடுத்த வெள்ளை.

மைப் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. மார்லீன் டூமாஸ் என்ற ஓவியரின் சாயல் என்றாள் கூட வந்தவள். 1953இல் கேப்டவுனில் பிறந்து 1976இல் நெதர்லாந்து போனவர். 1994இல் 'மாடல்ஸ்' என்று 100 படங்கள் வரைந்து வரிசையாக மாட்டியிருக்கிறார். போனில் காட்டினாள். அங்கே மை பரவிய இடத்தில் ஒரு முகம் நம்மை முறைக்கிறது. இங்கே மை கொட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு குறை: பாதிப் படங்களில் கைவிரல்களே இல்லை. முதுகுக்குப் பின்னால், முடிக்குள், துணிக்கு அடியில். தையல் சரியாக உட்காராத இடத்தில் நாங்கள் லேஸ் வைப்போமே, அந்த வேலை. கண்ணாடிச் சட்டத்தில் விளக்கு பட்டு, கடைசிச் சுவரில் படத்தைவிட என் மூக்குக்கண்ணாடிதான் அதிகம் தெரிந்தது. உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. முட்டிவலிக்காரர்கள் யோசித்துப் போங்கள். நுழைவு இலவசம்.

முக்காலிப் பெண்ணின் விலை 4,500 ராண்ட். லைனிங் வைத்த ரவிக்கைக்கு நான் வாங்குவது 350. பதின்மூன்று ரவிக்கை! லே-பை, அதாவது தவணையில் கட்டி முடித்துவிட்டு எடுத்துப் போகிற வசதி, உண்டா என்று கேட்டேன். மூன்று மாதம் தருவார்களாம். கையோடு 500 கட்டிவிட்டு வந்தேன். போட்டுப் பார்க்கிற திரைக்கு உள்பக்கம் மாட்டப் போகிறேன். கண்ணாடிக்கு எதிரே வேண்டாம், பக்கத்தில்.